எந்த வேகனில் எந்தப் பெட்டி? அமெரிக்க மாடல் ரயிலில் டிரெய்லரும் கண்டெய்னரும்

கேள்வி இதுதான்: ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் ஏறக்குறைய 87-ல் ஒரு பங்கு) அமெரிக்க சரக்கு ரயில் மாடல் ஒன்றை அமைக்கிறார் ஒரு நண்பர். கையில் 89 அடி பிளாட் கார் (சுவரில்லாத தட்டை வேகன்) இரண்டு, ஐந்து வெல் (கண்டெய்னர் இறங்கி உட்காரும் குழி) சேர்ந்த, இரண்டடுக்காகப் பெட்டி ஏற்றும் டபுள் ஸ்டாக் செட் ஒன்று, 40, 48, 53 அடிக் கண்டெய்னர்கள் கலந்து ஒரு டஜன், 40 அடியும் 45 அடியுமாகச் சில டிரெய்லர்கள் (லாரி இழுக்கும், சக்கரம் வைத்த பெட்டிகள்) இருக்கின்றன. எதை எதில் ஏற்றினால் நிஜ ரயில்போல இருக்கும் என்று கேட்கிறார். எல்லாமே ஹெச்ஓ என்பதால் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்து வாங்கியிருக்கிறார்.

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். ரயில் கம்பெனி, என்ஜின், வண்ணம் எல்லாம் அப்புறம். அமெரிக்காவில் டிரெய்லரின் நீளத்தைத் தீர்மானித்தது சாலைச் சட்டம். சாலையில் பெட்டி நீளும்போதெல்லாம் ரயில் கம்பெனிகள் பின்னாலேயே ஓடி வேகனை மாற்றிக்கொண்டன. அதனால் பெட்டியின் நீளத்தைப் பார்த்தாலே ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். வேகனின் நீளமும் அதே கதையைத்தான் சொல்லும். இரண்டு கதைகளும் ஒத்துப்போனால் உங்கள் ரயில் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

1950-களில் டிரெய்லர்கள் பெரும்பாலும் 32 முதல் 35 அடி. பென்சில்வேனியா, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேக்கள் முன்னின்று 1955-ல் டிரெய்லர் டிரெயின் என்ற கம்பெனியைத் தொடங்கின. பல ரயில்வேக்கள் பொதுவாகப் பயன்படுத்த வேகன் கொடுப்பதுதான் அதன் வேலை. (1991-ல் அதன் பெயர் டிடிஎக்ஸ் ஆனது. மஞ்சள் வேகன்களில் நீங்கள் பார்ப்பது இந்தக் கம்பெனியைத்தான்.) ஆரம்பத்தில் 75 அடி பிளாட் கார், 35 அடி டிரெய்லர் இரண்டு அதில் அடங்கும். டிரெய்லர் 40 அடியானதும் 85 அடி பிளாட் வந்தது. முகப்பில் குளிர்பதன இயந்திரம் துருத்திக்கொண்டிருக்கும் 40 அடி டிரெய்லர்கள் இரண்டு அதில் உட்கார இடம் போதவில்லை. 1960-களில் 89 அடி 4 அங்குல பிளாட் வந்து, அப்படியே பல பத்தாண்டுகளுக்கு நிலைத்துவிட்டது.

உங்களிடம் இருக்கும் 89 அடி பிளாட்டுக்கு இயல்பான சுமை இரண்டு 40 அடி டிரெய்லர்கள்தான். 1960-களின் நடுவிலிருந்து 1980 வரை எந்த ஆண்டை எடுத்தாலும் இது சரி. 1980-களின் தொடக்கத்தில் 45 அடி டிரெய்லர் பெருகியபோது கணக்கு இடித்தது. இரண்டு 45 சேர்ந்தால் 90 அடி; தளமோ 89 அடி 4 அங்குலம். டிரெய்லர் டிரெயின் கம்பெனி, டிரெய்லரின் முன்பக்கத்தைப் பிடிக்கும் தாங்கிகளான ஹிட்ச்களின் இடத்தை மாற்றி, தளத்தின் முனையைத் தாண்டி டிரெய்லர் சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்தது. ‘ட்வின் 45’ என்று அழைக்கப்பட்ட இந்த மாற்றப்பட்ட வேகன்களுக்கு டிடிடபிள்யூஎக்ஸ் என்ற குறி. ஆக, மாடல் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள குறியைப் படிப்பது முக்கியம். ஒரே 89 அடி வேகன்தான். ஆனால் எந்த எழுத்து போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஏற்றும் சுமை மாறும். டிடிஏஎக்ஸ் என்றால் டிரெய்லரும் கண்டெய்னரும் இரண்டுமே ஏறும்.

இங்கே ஹிட்ச்சைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டிரெய்லரின் முன்பக்க அடியில் கிங்பின் என்ற தடித்த இரும்புக் குச்சி தொங்கும். சாலையில் அதை டிராக்டர், அதாவது டிரெய்லரை இழுக்கும் லாரியின் முன்பகுதி, பிடித்துக்கொள்ளும். ரயிலில் அதே வேலையை வேகனின் தளத்திலிருந்து எழும் ஹிட்ச் செய்யும். பின் சக்கரங்கள் தளத்தில் நிற்கும். டிரெய்லரின் முன் கால்கள் தளத்தைத் தொடாமல் மேலே இருக்க வேண்டும். பல மாடல்களில் பார்க்கும் முதல் பிழை இதுதான்: ஹிட்ச் மடங்கியபடியே கிடக்கும், டிரெய்லர் தன் கால்களில் நின்றுகொண்டிருக்கும். ஓடும் ரயிலில் அப்படி ஒருபோதும் இருக்காது. இரண்டாவது பிழை திசை. பழைய நாட்களில் வேகன்களின் வரிசைக்குக் கடைசியில் சரிவுப் பலகை வைத்து, டிராக்டர் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே ஒரு வேகனிலிருந்து அடுத்த வேகனுக்குப் பாலத் தகடு வழியாகப் போகும். சர்க்கஸ் கம்பெனிகள் தங்கள் வண்டிகளை ரயிலில் ஏற்றிய அதே முறை என்பதால் சர்க்கஸ் லோடிங் என்றே பெயர். இப்படி ஏற்றினால் எல்லா டிரெய்லர்களின் முகமும் ஒரே பக்கம் பார்த்திருக்கும். 1960, 70-களின் ரயில் செய்கிறவர்கள் இதை மட்டுமாவது கவனித்தால் காட்சி உடனே மாறிவிடும். பின்னால் கிரேன் வந்து டிரெய்லரைத் தூக்கி வைக்க ஆரம்பித்ததும் பாலத் தகடுகளுக்கு வேலை இல்லாமல் போய், பல வேகன்களில் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். 1990-ஐக் காட்டும் வேகனில் பாலத் தகடு பளபளப்பாக நிமிர்ந்து நின்றால் எனக்கு உறுத்தும்.

கிரேன் என்றதும் இன்னொன்று. அது டிரெய்லரை அடியில் கைகொடுத்துத் தூக்கும். அந்தப் பாரத்தைத் தாங்க அடிச்சட்டத்தில் நான்கு இடங்களில் பலப்படுத்திய தகடுகள் வேண்டும். ரயிலில் போகும் டிரெய்லருக்கு அவை இருக்கும். சாலையில் மட்டுமே ஓடும் டிரெய்லருக்கு இருக்காது. அதனால் கடையில் கிடைக்கும் அழகான நெடுஞ்சாலை டிரெய்லர் ஒவ்வொன்றும் பிளாட் காருக்கு உரியதல்ல. பெயிண்ட்டில் ஒரு குறிப்பும் உண்டு. உரிமையாளரைக் காட்டும் நான்கெழுத்துக் குறி ‘இசட்’ எழுத்தில் முடிந்தால் அது ரயிலில் ஏறும் டிரெய்லர். ‘யு’வில் முடிந்தால் கண்டெய்னர். ‘எக்ஸ்’ என்றால் ரயில்வே அல்லாத கம்பெனிக்குச் சொந்தமான வேகன்.

பிளாட் காரில் கண்டெய்னர் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் தளத்தில் நேரடியாக அல்ல. கண்டெய்னரின் நான்கு மூலை வார்ப்புகளையும் பிடித்துக்கொள்ளத் தளத்தில் தாங்கிகள் இருக்க வேண்டும். ஹிட்ச் மட்டுமே உள்ள வேகனில் பெட்டியை வெறுமனே கிடத்தினால் நிஜத்தில் முதல் வளைவிலேயே விழுந்துவிடும். இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. கண்டெய்னரைச் சக்கரச் சட்டத்தில், அதாவது சாசியில் பூட்டி, டிரெய்லர்போலவே ஹிட்ச்சில் மாட்டிவிடுங்கள். 1970, 80-களில் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போன கண்டெய்னர்கள் இப்படியும் போயின. 40 அடிப் பெட்டியும் 40 அடி சாசியும் சேர்ந்தால் உங்கள் பிளாட் காருக்குக் கச்சிதம். இதை ஏன் அதிகம் பேர் செய்வதில்லை என்று எனக்கு வருத்தமே உண்டு. சாதாரண டிரெய்லர் வரிசையின் நடுவில் சாசியோடு ஒரு நெளிதகட்டுப் பெட்டி வந்தால் ரயிலுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும்.

அடுத்து 1982. அந்த ஆண்டுச் சட்டம் தேசிய நெடுஞ்சாலை வலையில் 48 அடி டிரெய்லரையும், 28 அடி டிரெய்லர் இரண்டைச் சேர்த்து இழுப்பதையும் எல்லா மாநிலங்களும் அனுமதிக்க வேண்டும் என்றது. அகலம் 96 அங்குலத்திலிருந்து 102 ஆனது. இரண்டு 48 அடி டிரெய்லர்களை 89 அடி வேகன் எப்படியும் தாங்காது. அதனால் 1980-களில் புதுப் புது வேகன்கள் முளைத்தன. ஒரு டிரெய்லருக்கு ஒரு மேடை, இரண்டே அச்சு என்று குட்டியாக வந்த ‘ஃப்ரண்ட் ரன்னர்’ ஒன்று. தளமே இல்லாமல் நடுவில் முதுகெலும்புபோல ஓர் உத்தரம் மட்டும் ஓடும் ‘ஸ்பைன்’ கார் இன்னொன்று. ஐந்து மேடைகள் ஒன்றோடொன்று சக்கரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஸ்பைனில் இரண்டு வகை உண்டு: டிரெய்லர் மட்டும் ஏறுவது, டிரெய்லரோ கண்டெய்னரோ ஏறுவது. கண்டெய்னர் தாங்கிகள் இல்லாத ஸ்பைனில் கண்டெய்னர் வைக்காதீர்கள். 28 அடிக் குட்டி டிரெய்லர்கள் உங்களிடம் வந்து சேர்ந்தால், மூன்று சேர்த்து 84 அடி. அதற்கேற்ற ஹிட்ச் உள்ள 89 அடி பிளாட்டில் மூன்றையும் ஏற்றலாம். ரோட்ரெய்லர் என்ற ஒன்றும் இருந்தது. டிரெய்லருக்கு அடியிலேயே ரயில் சக்கரம் கொடுத்து வேகனே இல்லாமல் ஓட்டினார்கள். அதைச் சாதாரணச் சரக்கு ரயிலின் நடுவில் சொருகக் கூடாது, இழுவிசையைத் தாங்காது. தனி ரயிலாக விடுங்கள்.

இனி டபுள் ஸ்டாக். அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

சதர்ன் பசிபிக் ரயில்வேயும் வேகன் செய்யும் ஏசிஎஃப் கம்பெனியும் 1977-ல் முதல் வெல் காரைக் கொண்டுவந்தன. 1984-ல் ஏபிஎல் கப்பல் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து முழு ரயிலாகவே ஓட்ட ஆரம்பித்ததும் இது பெருகியது. எனவே 1975-ஐக் காட்டும் அமைப்பில் டபுள் ஸ்டாக் இருக்கக் கூடாது; 1980-ல்கூட அபூர்வம்.

வெல் காரின் விதியை ஒரே வரியில் சொல்லலாம்: கீழ்ப் பெட்டி குழியைவிட நீளமாக இருக்க முடியாது, மேல் பெட்டி இருக்கலாம். 40 அடிக் குழியில் கீழே ஒரு 40, அல்லது இரண்டு 20. 48 அடிக் குழியில் கீழே 40, 45, 48 அல்லது இரண்டு 20. 53 அடிக் குழியில் கீழே 53 வரை எதுவும். மேலே 40 அடியும் அதற்கு மேலும். 20 அடிப் பெட்டி மேல் அடுக்குக்கு வரவே வராது. இரண்டு 20-களை ஒரு 40-ன் மேல் வைத்தால் அவை சந்திக்கும் நடுப்பகுதியில் கீழ்ப் பெட்டிக்குப் பூட்டு மாட்டும் வார்ப்பே கிடையாது. நான் பார்த்த மாடல் ரயில் படங்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை இது.

48 அடிப் பெட்டி 40 அடிப் பெட்டியின் மேல் எப்படி நிற்கிறது? பக்கச் சுவரைப் பாருங்கள். 45, 48, 53 அடிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் முனையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு தடித்த தூண் இருக்கும். முன்னும் பின்னும் உள்ள அந்தத் தூண்களுக்கு நடுவே சரியாக 40 அடி. தூக்குவதும் பூட்டுவதும் அடுக்குவதும் அந்தத் தூண்களில்தான். முனைகள் இரண்டு பக்கமும் வெறுமனே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 53 அடிப் பெட்டியில் ஒவ்வொரு பக்கமும் ஆறரை அடி. மாடலில் இந்தத் தூண் இல்லாமல் வழவழப்பாக ஒரு ‘53 அடி’ பெட்டி வந்தால், அது கண்டெய்னர் என்ற பெயரில் விற்கப்படும் டிரெய்லர் உடல்தான். வாங்க வேண்டாம்.

ஆரம்பகால வெல் கார்கள் சிலவற்றில் ஒவ்வொரு குழியின் இரு முனையிலும் உயரமான தடுப்புச் சுவர் இருக்கும். மேல் பெட்டி நகராமல் அதுவே பிடித்துக்கொள்ளும். அந்த வகையில் மேலே 53 அடிக்கு இடமில்லை. மற்றவற்றில் மேல் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் நடுவே நான்கு மூலையிலும் பூட்டுத் துண்டுகள் வைப்பார்கள். உங்கள் செட்டில் தடுப்புச் சுவர் இல்லை என்றால் இரண்டாவது வகை. ஹெச்ஓவில் பரவலாகக் கிடைக்கும் ஏதர்ன் கம்பெனியின் மேக்ஸி-3 இந்த ரகம்தான்: ஐந்து குழி, ஒவ்வொன்றும் 48 அடி. காட்டோவின் மேக்ஸி-4 மூன்று குழி, ஒவ்வொன்றும் 53.

சந்தேகம் வந்தால் பெயரை நம்பாதீர்கள், ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஹெச்ஓ 1:87.1, ஓர் அடிக்கு 3.5 மி.மீ. 40 அடிப் பெட்டி 140 மி.மீ. இருக்கும். 45 அடி 157.5, 48 அடி 168, 53 அடி 185.5. உயரத்தில் எட்டரை அடிப் பெட்டி 29.7 மி.மீ., ஒன்பதரை அடி உயரப் பெட்டி 33.2. அகலத்தில் பழைய எட்டடி 28 மி.மீ.; புதிய எட்டரை அடி 29.7. இன்னும் சிறிய ‘N’ என்ற மாடல் அளவில் (1:160) 40 அடி 76 மி.மீ., 53 அடி 101. பொம்மைக் கடைகளிலும் பிரிட்டிஷ் மாடல்களிலும் 1:76 பெட்டிகள் ஏராளம். அதில் 40 அடிப் பெட்டி 160 மி.மீ. வரும். ஹெச்ஓ ரயிலில் அது 45 அடிப் பெட்டியைவிடச் சற்று நீளமாகத் தெரியும். 40 அடிக் குழியில் இறங்காது. ‘ஏன் இது மட்டும் மாட்டிக்கொள்கிறது’ என்று குழியை அராவுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரும் காலத்தைச் சொல்லும். சீ-லேண்ட் கப்பல் கம்பெனி தன் தொடக்க காலத்தில் பயன்படுத்தியது 35 அடிப் பெட்டி. மேட்சன் என்ற இன்னொரு கப்பல் கம்பெனி 24 அடி. 48 அடிப் பெட்டி 1980-களின் நடுவில் வந்து, 2000-களில் மெல்ல மறைந்தது. 53 அடிப் பெட்டி 1989-ல் ஏபிஎல் வழியாக அறிமுகமானது. இந்த இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துக்குள் ஓடவென்று செய்தவை. கப்பலில் கடல் கடந்து வருபவை பெரும்பாலும் 20-ம் 40-ம், கொஞ்சம் 45-ம். அதனால் 53 அடிப் பெட்டியில் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியின் பெயரைப் பார்த்தால் ஒருமுறை படம் தேடிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘மேர்ஸ்க் சீலேண்ட்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் 1999-க்குப் பிறகு. மஜெந்தா நிறத்தில் ‘ஒன்’ (ONE) என்ற கப்பல் கம்பெனியின் பெயர் இருந்தால் 2018-க்கு முன் அது ஓடவே முடியாது. பெட்டி பல ஆண்டுகள் பழையதாக ஓடலாம், முன்கூட்டி மட்டும் வர முடியாது. கான்ரெயில் ரயில்வேயின் என்ஜின் இழுக்கும் 1990-களின் ரயிலில் மஜெந்தா பெட்டி நின்றால் விஷயம் தெரிந்தவர் கண் அங்கேயே நின்றுவிடும்.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 89 அடி பிளாட் ஹெச்ஓவில் 313 மி.மீ. நீளம். வளைவின் ஆரம் வேகன் நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் 37 அங்குலம். தொடக்க செட்டுகளோடு வரும் 18 அங்குல வளைவில் இந்த வேகன் சரியாக ஓடாது. ஓடினாலும் பக்கத்துத் தடத்தில் நிற்கும் ரயிலை உரசும். ட்வின் 45 வேகன்கள் இரண்டை அடுத்தடுத்துக் கோத்தால், நீட்டிக்கொண்டிருக்கும் டிரெய்லர்கள் வளைவில் ஒன்றையொன்று இடிக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஐந்து குழி செட்டுகள் நீளமாகத் தெரிந்தாலும் சக்கரத்தைப் பகிர்ந்துகொள்வதால் வளைவில் சுலபமாக நெளியும். ஆனால் அடுத்தடுத்த குழிகளின் மேலே 53 அடிப் பெட்டிகளை வரிசையாக வைத்தால் முனைகள் நெருங்கிவிடும். குழி 40 அடி என்றால் இன்னும் மோசம். ஒன்றுவிட்டு ஒன்று வைப்பது பாதுகாப்பு.

சுரங்க வாயையும் அளந்துவிடுங்கள். ஒன்பதரை அடிப் பெட்டிகள் இரண்டு அடுக்கினால் தண்டவாளத்திலிருந்து 20 அடி 2 அங்குலம், மாடலில் 70.6 மி.மீ. மாடல் வேகனின் தளம் பெரும்பாலும் கொஞ்சம் உயரமாகவே இருக்கும் என்பதால் மேலே சில மி.மீ. கூடுதலாக விடுங்கள். எடையைக் கீழ்ப் பெட்டிக்குள் வையுங்கள், மேல் பெட்டி காலியாகவே இருக்கட்டும். நிஜத்திலும் கனமானது கீழேதான். கீழே எதுவும் இல்லாமல் மேலே மட்டும் பெட்டி என்பது கிடையவே கிடையாது.

இனி உங்கள் கையில் இருப்பதற்கு வருவோம். 48-ம் 53-ம் சேர்ந்து இருப்பதால் 1995-ஐ ஒட்டிய காலத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் செட் 48 அடிக் குழி என்று வைத்துக்கொண்டால், முதல் குழியில் 48-ன் மேல் 48. இரண்டாவதில் கீழே 40, மேலே 53. மூன்றாவதில் 40-ன் மேல் 40. நான்காவதில் கீழே 48, மேலே 53. ஐந்தாவதில் கீழே மட்டும் ஒரு 48, மேலே ஒன்றும் வேண்டாம். எல்லாக் குழியும் நிரம்பி வழிய வேண்டும் என்ற அவசியம் இல்லை, நிஜ ரயில்களிலும் இடைவெளி இருக்கும். 45 அடி டிரெய்லர்களை இரண்டு இரண்டாக பிளாட்டில் ஏற்றுங்கள். அதற்கு முன் பிளாட்டின் குறியைப் பாருங்கள். ட்வின் 45 இல்லை என்றால் ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு மற்ற ஹிட்ச்சை மடக்கி விடுங்கள். 40 அடி டிரெய்லர்களுக்கு 1995-ல் ரயிலில் பெரிய வேலை இல்லை. அவற்றின் டயரில் கொஞ்சம் தூசி பூசி, பெயரை மங்கலாக்கி, ஏதாவது தொழிற்சாலைக் கொல்லையில் கிடங்காக நிறுத்திவிடுங்கள். காலில் நிற்கும் டிரெய்லர் அங்கே சரியாகவே இருக்கும்.